சான்றிதழ் வந்துவிட்டது, வார்டு மாறவில்லை

கேள்வி: வணக்கம் மேடம். தென்மாவட்டம் ஒன்றில் 250 படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரிண்டெண்டெண்டாக இருக்கிறேன். பக்கத்துக் கல்லூரியிலிருந்து பி.எஸ்சி. நர்சிங் கடைசி செமஸ்டர் பிள்ளைகள் எங்களிடம் இன்டர்ன்ஷிப்புக்கு வருகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்ட 14 சீனியர் சிஸ்டர்களைத் தேர்ந்தெடுத்தோம். ஷிஃப்டிலிருந்து யாரையும் விடுவிக்க முடியாததால் ஆன்லைன் பயிற்சி ஒன்றுக்குப் பணம் கட்டினோம். 20 மணிநேர வீடியோ, ஒவ்வொரு பாடத்துக்கும் கடைசியில் விடையை டிக் செய்யும் தேர்வு. 14 பேரும் தேறிவிட்டார்கள். மூன்று மாதம் ஆகியும் வார்டில் ஒரு மாற்றமும் இல்லை. "பி.பி. பார்க்கச் சொல்றாங்க, ஃபார்மசிக்கு அனுப்புறாங்க, வேற எதுவும் சொல்லித் தர்றதில்ல" என்பது பிள்ளைகளின் குறை. "சொல்லிக் கொடுக்கிறது ட்யூட்டர் வேலை, எங்களுக்கு நேரம் எங்க இருக்கு" என்கிறார்கள் சிஸ்டர்கள். ஐ.சி.யு.வில் 19 வருட அனுபவமுள்ள, ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா படித்த சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். நோயாளியைக் கவனிப்பதில் அவருக்கு நிகராக எங்களிடம் யாரும் இல்லை. அவரோ, "டிகிரி படிக்கிற பிள்ளைங்களுக்கு நான் என்ன சொல்லித் தர்றது, என்னை விட்டுடுங்க" என்கிறார். அடுத்த குழுவுக்கும் பணம் கட்டலாமா என்று நிர்வாகம் கேட்கிறது. ஆன்லைன் பயிற்சியால் உண்மையிலேயே பயன் உண்டா?

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

அதே பயிற்சிக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டாம். அதற்காக ஆன்லைன் வழியையே விட்டுவிடவும் வேண்டாம். ஷிஃப்டில் இருக்கும் 14 பேரை ஒரே நாளில் ஒரே அறையில் உட்கார வைக்க உங்களால் முடியாது. எந்த மருத்துவமனையாலும் முடியாது. போன் வழியாகத்தான் செய்தாக வேண்டும். ஆனால் போனில் எதை அனுப்புகிறோம், அதன் பிறகு வார்டில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் மாற்றியாக வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சிஸ்டர்கள் மேல் தவறு இல்லை. நானும் அந்த இடத்தில் நின்றவள்தான்.

பல வருடங்களுக்கு முன் ஆண்கள் சர்ஜிகல் வார்டில் நைட் டியூட்டி. என்னோடு மூன்றாம் வருட மாணவி ஒருத்தி. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் ஆன ஒருவரைப் பார்த்ததுமே எனக்கு மனசு சரியில்லை. டியூட்டி டாக்டரை எழுப்பச் சொன்னேன். அந்தப் பிள்ளை சார்ட்டைப் பார்த்துவிட்டு, "பி.பி. நார்மலாத்தானே இருக்கு மேம், எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். "அனுபவம்தான், போகப் போக உனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த நோயாளி அன்றிரவே மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார், பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அன்று நான் எதையுமே கொடுக்கவில்லை. உட்கார்ந்து யோசித்திருந்தால் சொல்லியிருக்கலாம்: சாயங்காலம் நன்றாகப் பேசியவர் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார், போர்வையைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார், பாதம் சில்லென்று இருந்தது, மூச்சு நிமிடத்துக்கு 28 ஓடியது. இந்த நான்கையும் என் கண்ணும் கையும் கவனித்திருந்தன. வாய்க்குத்தான் அது வந்து சேரவில்லை.

இது எனக்கு மட்டும் வந்த குறை இல்லை. அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் பட்ரீசியா பென்னர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக வரும் நர்ஸ் கைதேர்ந்தவராக வளர்வதை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதல் படியில் இருப்பவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பார்: பி.பி. இவ்வளவுக்குக் கீழே போனால் இன்சார்ஜிடம் சொல், என்பது போல. ஐந்தாம் படியில் இருப்பவருக்கு விதி தேவைப்படாது, நிலைமை முழுவதுமாக ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும். அதனாலேயே எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவரால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. உங்கள் 14 பேரும் அநேகமாக மேல் படிகளில் இருப்பவர்கள். பிள்ளைகள் கீழ்ப் படியில் நிற்கிறார்கள். தான் கவனிப்பதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம்தான் இவர்களுக்கு வர வேண்டும். 20 மணிநேரம் வேறொருவர் பேசுவதைக் கேட்டால் அது வராது. இவர்கள் பேசினால்தான் வரும்.

அந்த வீடியோவை எங்கே, எப்போது பார்த்தார்கள் என்று அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நைட் முடிந்து பஸ்ஸில் வரும்போது பாதி, அடுப்பில் உலை கொதிக்கும்போது மீதி என்றுதான் பலரும் சொல்வார்கள். வார்டில் ஒரு நாள் முழுக்க நின்றவருக்கு மேலும் ஒரு வேலையை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினோம். அவரும் கடமைக்கு முடித்துவிட்டார். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

சரி, எப்படிச் செய்யலாம்? நான் எட்டு வாரமாக அமைப்பேன். 14 பேரை ஏழு ஏழு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 15 நிமிடத்தில் பார்த்து முடிக்கும் ஒரு பாடம், வார்டிலேயே செய்ய வேண்டிய ஒரு வேலை, 45 நிமிட வீடியோ அழைப்பு. மூன்றில் அந்த அழைப்புதான் உயிர். அதில் யாரும் வகுப்பு எடுக்கக் கூடாது. ஒருவர் தன் வார்டில் பிள்ளையோடு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், மற்ற ஆறு பேரும் கேள்வி கேட்க வேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய எக்கோ திட்டத்தில் இந்த முறைதான். தொலைவான ஊர்களில் இருந்த டாக்டர்களும் நர்ஸ்களும் தங்கள் ஹெபடைடிஸ் சி நோயாளியைப் பற்றி வாரந்தோறும் திரையில் பேசிப் பேசியே அந்தச் சிகிச்சையைக் கற்றுக்கொண்டார்கள். இன்று அந்த முறை இந்தியாவிலும் பல துறைகளில் நடக்கிறது. நம் வேலைக்கு அது அப்படியே பொருந்தும்.

முதல் வார வேலை இதுவாக இருக்கட்டும். ஷிஃப்ட் முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்ய வேண்டும்: இன்று முந்தைய ஷிஃப்டிடமிருந்து பொறுப்பை (ஹேண்டோவர்) எடுத்ததும் எந்த நோயாளியிடம் முதலில் போனேன், அவரிடம் என்ன பார்த்தேன்? நோயாளியின் பெயர், படுக்கை எண், படம் எதுவும் வெளியே வரக் கூடாது. குழுவில் போடும் முன் நீங்களே ஒருமுறை கேட்டுவிடுங்கள். "பார்க்கவே ஒரு மாதிரி இருந்தார்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். ஒரு மாதிரி என்றால் என்ன? நிறமா, வியர்வையா, உட்கார்ந்திருந்த விதமா? முதல் இரண்டு வாரம் திணறுவார்கள். மூன்றாவது வாரம் தாங்களாகவே பிரித்துச் சொல்ல ஆரம்பிப்பார்கள். நான் நடத்திய குழுக்களில் எல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சிஸ்டர் முதல்முறையாகத் தன் திறமையைத் தன் வாயாலேயே கேட்கும்போது அவர் முகம் மாறுவதைத் திரையிலேயே பார்க்கலாம்.

கைவேலையைச் சொல்லித் தருவதற்குப் பெய்ட்டன் முறை என்று நான்கு படி உண்டு. வென்ஃப்ளான், அதாவது நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்து காட்ட வேண்டும். இரண்டாவது முறை ஒவ்வொரு அசைவையும் ஏன் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே மெதுவாக. மூன்றாவது முறை பிள்ளை சொல்லச் சொல்ல சிஸ்டர் செய்ய வேண்டும். நான்காவதாகத்தான் பிள்ளை கையில் ஊசி. நம் வார்டுகளில் முதல் படியிலிருந்து நேரே நான்காம் படிக்குத் தாவிவிடுகிறோம், "நேத்து பாத்தேல்ல, இன்னைக்குப் போடு" என்று. மூன்றாம் படியை மட்டும் யாரும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை எந்த இடத்தில் குழம்பியிருக்கிறாள் என்பது, நோயாளிக்கு வலிக்கும் முன்பே அங்கே தெரிந்துவிடும். இதையெல்லாம் முதலில் பயிற்சிக் கை மாடலில் செய்ய வைத்து, போனில் படம் பிடித்து அழைப்பில் போட்டுப் பார்த்தால் எட்டு வீடியோ பாடம் சொல்லாததை அது சொல்லும்.

மூச்சு எண்ணுவதைத் தனியாக ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொல்வேன். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்த வார்டு சார்ட்டை எடுத்தாலும் எல்லோருக்கும் 18 அல்லது 20 என்று எழுதியிருக்கும். நோயாளி மோசமாவதை முதலில் காட்டும் எண்களில் ஒன்று அது. அதைத்தான் நாம் எண்ணாமலே எழுதுகிறோம். பிள்ளைகள் அதைப் புத்தகத்தில் பார்த்துக் கற்கவில்லை, நம்மைப் பார்த்துத்தான் கற்றார்கள். பிள்ளையும் சிஸ்டரும் ஒரே நோயாளிக்கு ஒரு முழு நிமிடம் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அந்த ஒரு வாரத்தில் சீனியர்களும் மாறுவார்கள்.

நேரமில்லை என்ற குறைக்கு வருகிறேன். அதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, சொல்லித் தருவது என்றால் அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்து நடத்துவது என்ற எண்ணம். 1992-இல் அமெரிக்கக் குடும்பநல டாக்டர்கள் சிலர், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே கற்பிப்பவர்களுக்காக ஒரு சிறிய முறையை எழுதினார்கள். ஒரு நிமிட முறை என்றே அதற்குப் பெயர். வார்டில் அது இப்படி நடக்கும். பிள்ளை வந்து, "சிஸ்டர், அந்த அம்மாவுக்குச் சேச்சுரேஷன் 89 காட்டுது" என்கிறாள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது என்று பொருள். வழக்கமாக நாம் எழுந்து ஓடுவோம், அல்லது "ஆக்சிஜன் வை" என்போம். அதற்குப் பதிலாக நோயாளியை நோக்கி நடந்துகொண்டே, "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்க வேண்டும். "நெளிஞ்சு படுத்திருக்காங்க, அதனால இருக்குமோ" என்பாள். "எதை வெச்சு சொல்ற? விரல் சில்லுனு இருந்துச்சா, நகப்பூச்சு இருந்துச்சா, மூச்சு எப்படி ஓடுது?" இது இரண்டாவது கேள்வி. பிறகு பொதுவான ஒரு விஷயம்: "மெஷின் காட்டுறதுக்கு முன்னாடி ஆளைப் பாரு." அப்புறம் அவள் சரியாகச் செய்த ஒன்று: "உடனே வந்து சொன்ன பாரு, அது சரி." கடைசியாக, விட்டுப்போன ஒன்று: "வர்றதுக்கு முன்னாடி தலைமாட்டை உயர்த்தி வெச்சிருக்கலாம்." ஐந்தும் சொல்லி முடிக்கும்போது இருவரும் நோயாளி பக்கத்தில் நிற்பார்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் கேள்வியெல்லாம் பிறகுதான். அதையும் பயிற்சியில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, நேரம் உண்மையிலேயே இல்லை என்பது. இதை எந்தப் பயிற்சியாலும் சரி செய்ய முடியாது, டியூட்டி ரோஸ்டர் போடும் உங்களால்தான் முடியும். பிள்ளை வந்து சேரும் முதல் இரண்டு வாரமாவது அந்தச் சிஸ்டருக்கு ஒன்றிரண்டு நோயாளிகளைக் குறைத்துக் கொடுங்கள். அதே பிள்ளையை அதே சிஸ்டரோடு ஒரே ஷிஃப்டில் போடுங்கள். தினம் ஓர் ஆளிடம் மாற்றிவிட்டால் யாருக்கும் பொறுப்பு இருக்காது. வார அழைப்பை மார்னிங் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் வைத்து, அந்த 45 நிமிடத்தையும் டியூட்டியாகக் கணக்கில் எழுதுங்கள். நைட் பார்த்தவரைப் பகல் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டாம், அவருக்கு இன்னொரு நாள் இன்னொரு குழு இருக்கட்டும். நர்ஸாகப் பதிவு செய்ததைப் புதுப்பிக்க 5 ஆண்டுக்கு 150 மணிநேரம் தொடர் கல்வி வேண்டும் என்ற முறை இருக்கிறதே, இந்தப் பயிற்சி அந்தக் கணக்கில் சேருமா என்று மாநில நர்சிங் கவுன்சிலிடம் தொடங்கும் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். நிர்வாகத்திடம் பணம் கேட்கும்போது வீடியோவுக்குக் கேட்காதீர்கள், இந்த மணிநேரங்களுக்குக் கேளுங்கள்.

"ட்யூட்டர் வேலை" என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படியே பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர். அந்தப் பத்துப் பேரும் நான்கு வார்டில் பிரிந்து நிற்பார்கள். ட்யூட்டர் ஓர் இடத்தில் இருக்கும்போது மற்ற மூன்றில் இருக்க முடியாது. புதிய பாடத்திட்டத்தில் எட்டாம் செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப், 22 வாரம், வாரம் 48 மணிநேரம். அந்த மணிநேரங்களில் பெரும்பகுதி உங்கள் சிஸ்டர்களின் கண்ணெதிரேதான் கழிகிறது. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் கல்லூரி ஆசிரியர்களுக்கே வார்டிலும் பொறுப்பு இருப்பதால் இந்த இடைவெளி குறைவு. நம்மைப் போன்ற இடங்களில் கல்லூரி வேறு, மருத்துவமனை வேறு. அதனால் எட்டு அழைப்பில் இரண்டுக்காவது அந்தக் கல்லூரி ட்யூட்டரைக் கூப்பிடுங்கள். இந்த செமஸ்டரில் பிள்ளைகள் தானாக என்னென்ன செய்ய வேண்டும், எதை மேற்பார்வையில் மட்டும் செய்ய வேண்டும் என்று அவர் வாயால் கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

பேசும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். "இதுகூடத் தெரியாதா, காலேஜ்ல என்னதான் சொல்லிக் கொடுத்தாங்க?" இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த நர்ஸ் நம்மில் யாரும் இல்லை. நோயாளி எதிரில், சொந்தக்காரர் எதிரில் கேட்டிருப்போம். அன்றைக்குப் பிறகு எதையும் கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டோம். கேட்கப் பயப்படும் பிள்ளை, மருந்தின் அளவில் சந்தேகம் வந்தாலும் கேட்காது. ஊசி கையில் குத்திவிட்டால்கூட மறைத்துவிடும். அப்படிக் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை முதல் இரண்டு மணிநேரத்தில், தாமதமானாலும் 72 மணிநேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். திட்டுக்குப் பயந்து அந்த நேரத்தைப் பிள்ளை இழந்துவிடக் கூடாது. அழைப்பில் இரண்டு பேரை நடிக்க வையுங்கள், ஒருவர் பிள்ளையாக, ஒருவர் சிஸ்டராக. பிள்ளையாக நடித்துத் திட்டு வாங்கும் சீனியருக்கு அந்த ஐந்து நிமிடம் போதும்.

அதற்காக எல்லோரையும் தேற்றிவிடுவதும் சரியில்லை. பிரிட்டனில் கேத்லீன் டஃபி 2003-இல் செய்த ஆய்வில், தேறக் கூடாது என்று தங்களுக்கே தோன்றிய மாணவர்களைக்கூட வழிகாட்டி நர்ஸ்கள் தேற்றிவிடுவது வெளியே வந்தது. பாவம் பார்ப்பது, ஆதாரமாக எதையும் எழுதி வைக்காதது, கடைசி நாளில்தான் யோசிப்பது என்று காரணங்கள் பல. 2018-இல் அந்த நாட்டு நர்சிங் கவுன்சில் வழிகாட்டுபவர் ஒருவர், மதிப்பிடுபவர் வேறொருவர் என்று பிரித்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். சிஸ்டர் தான் பார்த்ததை மட்டும் தேதி போட்டு இரண்டு வரி எழுதட்டும். "நல்ல பிள்ளை" என்று எழுதக் கூடாது. "மருந்து கொடுக்கும் முன் பெயரைக் கேட்கவில்லை, இரண்டாம் முறை சொன்னதும் கேட்டாள்" என்று எழுத வேண்டும். அவற்றைப் படித்துப் பார்த்து முடிவு செய்வது ட்யூட்டர் பொறுப்பு. பிள்ளைகள் செய்த வேலைகளைக் குறிக்கும் லாக் புக்கில் கடைசி நாள் 40 கையெழுத்தை வரிசையாகப் போடுவதை இதோடு நிறுத்திவிடலாம்.

பயிற்சி வேலை செய்கிறதா என்று தெரிய தேர்வு வைக்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை பிள்ளைகளிடம், "இந்த வாரம் சிஸ்டர் உன்கிட்ட என்ன கேள்வி கேட்டாங்க?" என்று விசாரியுங்கள். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை என்றால் அந்தச் சிஸ்டரோடு பேசுங்கள். அவருக்கு எட்டு நோயாளிகள் கொடுத்திருந்தோமா என்று அதற்கு முன்னால் ரோஸ்டரைப் பாருங்கள்.

இனி உங்கள் ஐ.சி.யு. சிஸ்டர். கடிதத்தைப் படித்ததிலிருந்து அவர் நினைவாகவே இருக்கிறேன். பிள்ளைகள் இங்கிலீஷில் எதையாவது கேட்டுவிடுவார்கள், தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும் என்ற பயம் அது. டிப்ளமா படித்துவிட்டு 19 வருடம் படுக்கைக்குப் பக்கத்தில் நின்ற எத்தனையோ பேருக்கு இந்தப் பயம் உண்டு. அதை நாம்தான் உண்டாக்கி வைத்திருக்கிறோம். "எனக்குத் தெரியல, நீ பார்த்துட்டு வந்து எனக்கும் சொல்லு" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதை எல்லோர் முன்னாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள். அவரை வீடியோ பார்க்கவும் சொல்லாதீர்கள், வகுப்பு எடுக்கவும் சொல்லாதீர்கள். நாளைக்கு ஷிஃப்ட் முடிந்து அவர் கை கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்று, "இன்னைக்கு முதல்ல யார்கிட்ட போனீங்க, ஏன்?" என்று கேளுங்கள். அவர் சொல்லட்டும். சம்மதம் கேட்டுவிட்டு உங்கள் போனிலேயே பதிவு செய்யுங்கள். புதிய குழுவுக்கு முதல் வாரம் நீங்கள் அனுப்பும் பாடம் அதுவாகவே இருக்கட்டும்.